சக்கரத்தில் சத்தம்: எப்போது வருகிறது என்று கவனியுங்கள்

காரில் புதிதாக ஒரு சத்தம் கேட்டால் நம்மில் பலர் இரண்டு காரியம் செய்வோம். முதலில் பாட்டின் சவுண்டைக் கூட்டி வைப்போம். அது பலிக்காமல் போனால் மெக்கானிக்கிடம் போய் அந்தச் சத்தத்தை வாயாலேயே போட்டுக் காட்டுவோம். "கர்ர்னு வருதுங்க. இல்ல இல்ல, கொர்ர்னு." அவர் சிரிக்காமல் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "எப்போ வருது?" அதற்குத்தான் நம்மிடம் பதில் இருக்காது. "ஓட்டும்போதுதான்" என்று சொல்லிவிட்டு நிற்போம்.

சத்தத்துக்குத் தமிழில் சொல் பஞ்சமே இல்லை. கீச், கிறீச், கரகர, நறநற, லொடலொட, டொக் டொக் என்று அடுக்கலாம். சிக்கல் என்னவென்றால், என் காதுக்குக் கரகரவென்று கேட்பது உங்கள் காதுக்கு நறநறவென்று கேட்கும். ஆனால் 'பிரேக்கை மிதித்ததும் வருகிறது, காலை எடுத்ததும் நிற்கிறது' என்றால் அது எல்லாருக்கும் ஒரே அர்த்தம்தான். அதனால் சத்தத்துக்குப் பெயர் வைக்கும் வேலையை விட்டுவிட்டு, எதைச் செய்தால் கூடுகிறது, எதைச் செய்தால் அடங்குகிறது என்று பாருங்கள். பாதி நோய் அங்கேயே பிடிபட்டுவிடும்.

சக்கரத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது

சக்கரத்தைக் கழற்றினால் பளபளவென்று ஒரு இரும்புத் தட்டு தெரியும். அதுதான் டிஸ்க். சக்கரத்தோடு சேர்ந்து அதுவும் சுழலும். அதன் ஒரு ஓரத்தைக் கவ்விக்கொண்டு ஒரு கனமான இரும்புக் கட்டி உட்கார்ந்திருக்கும். அதன் பெயர் காலிப்பர். காலிப்பருக்குள் டிஸ்க்கின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு பிரேக் பேட் இருக்கும். நாம் பிரேக்கை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தத்தில் காலிப்பரின் பிஸ்டன் நகர்ந்து பேடுகளை டிஸ்க்கின்மேல் அழுத்தும். வண்டி நிற்கும். பல சின்னக் கார்களில் பின் சக்கரத்தில் டிஸ்க் இருக்காது, டிரம் இருக்கும். அதாவது மூடிய கிண்ணம் போன்ற ஒன்று சுழலும், உள்ளிருந்து வளைந்த இரண்டு ஷூக்கள் விரிந்து அதன் சுவரை அழுத்தும்.

இதற்கெல்லாம் நடுவில், சக்கரம் லேசாகச் சுழல உதவும் பேரிங் இருக்கிறது. டிஸ்க்குக்குப் பின்னால் தகரம் போல ஒரு மெல்லிய தடுப்பும் உண்டு. தண்ணீரும் சேறும் தெறிக்காமல் இருக்க வைத்தது. வேலை சின்னதுதான், ஆனால் பின்னால் அதற்கு ஒரு கதை வருகிறது. முன் சக்கரம் இழுக்கும் கார் என்றால் எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுவரும் டிரைவ் ஷாஃப்ட்டும், அதன் முனையில் ரப்பர் உறை போட்ட ஒரு ஜாயிண்டும் இருக்கும்.

பெரும்பாலான சக்கரச் சத்தங்கள் இந்தச் சில பொருட்களுக்குள்ளேயே அடங்கிவிடும்.

சக்கரமா, எஞ்சினா

முதலில் இதைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஆளில்லாத நேரான ரோட்டில் மிதமான வேகத்தில் போகும்போது கியரை நியூட்ரலுக்குத் தள்ளி ஆக்சிலரேட்டரை விட்டுவிடுங்கள். எஞ்சின் சத்தம் தணிந்துவிடும், சக்கரம் மட்டும் அதே வேகத்தில் சுழலும். அப்போதும் அந்தச் சத்தம் அப்படியே இருந்தால் அது சக்கரப் பக்கத்து ஆள். நின்றுவிட்டால் எஞ்சினையோ கியர் பெட்டியையோ சந்தேகப்படலாம். இதைச் செய்யும்போது சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்துவிடாதீர்கள். எஞ்சின் நின்றால் பிரேக்குக்கும் ஸ்டியரிங்குக்கும் கிடைக்கும் பலம் போய்விடும், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளவும் கூடும்.

இன்னொரு வழி, எண்ணிப் பார்ப்பது. சின்னக் காரின் டயர் ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி ஏறக்குறைய 1.8 மீட்டர் நகரும். மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு நொடிக்கு ஐந்தரை மீட்டர். அப்படியானால் சக்கரம் நொடிக்கு மூன்று சுற்றுப் போடுகிறது. 20-ல் போகும்போது 'டிக் டிக் டிக்' என்று நொடிக்கு மூன்று தடவை கேட்டு, வேகம் கூடக்கூட அதுவும் விரைந்தால், சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஏதோ ஒன்று ஒரு முறை இடிக்கிறது என்று அர்த்தம். இறங்கி டயரைப் பாருங்கள். பெரும்பாலும் டயர் பள்ளத்தில் ஒரு கூழாங்கல் மாட்டியிருக்கும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தால் வேலை முடிந்தது. கல்லுக்குப் பதில் ஆணி இருந்தால் அங்கேயே பிடுங்காதீர்கள், காற்று இறங்கிவிடும். அப்படியே பஞ்சர் போடும் இடம் வரை மெதுவாகப் போய்விடலாம்.

பிரேக்கை மிதித்தால் வருகிற சத்தம்

காலையில் வண்டியை எடுத்ததும் முதல் இரண்டு மூன்று பிரேக்குக்கு மட்டும் கரகரவென்று வந்து, அப்புறம் காணாமல் போனால் கவலையே வேண்டாம். இரவில் மழையோ பனியோ பட்டு டிஸ்க்கில் மெல்லிய துரு படர்ந்திருக்கும். பேட் அதைச் சுரண்டி எடுக்கும் சத்தம்தான் அது. வண்டியைக் கழுவி நிறுத்திவைத்தாலும் இதே கதை. ஹேண்ட் பிரேக் போட்டு ஈரத்தில் நிறுத்திய வண்டி நகரும்போது பின்னாலிருந்து ஒரே ஒரு 'டொக்' கேட்பதும் இந்த வகைதான். ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொண்டு, பிறகு விடுபடுகிறது.

மிதிக்கும்போதெல்லாம் மெல்லிய, காதைத் துளைக்கிற 'கீச்' வந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். வயலினில் வில் கம்பியைப் பிடிப்பதும் விடுவதுமாக இழுபடுவதால்தான் கம்பி அதிர்ந்து ஒலிக்கிறது. பேடும் டிஸ்க்கும் அப்படித்தான் உரசி அதிர்கின்றன, டிஸ்க் மணி போல ஒலிக்கிறது. பேடின் முதுகில் கிரீஸ் காய்ந்துபோனாலும், அதிர்வைத் தடுக்க வைக்கும் மெல்லிய தகடு விழுந்துவிட்டாலும், பேடின் மேல் பளபளவென்று கண்ணாடிப் பூச்சு மாதிரி ஏறிவிட்டாலும் இது வரும். உலோகத் தூள் அதிகம் கலந்த பேடுகள் இயல்பாகவே கொஞ்சம் கத்தும். சத்தம் எரிச்சலாக இருக்கும், ஆனால் இந்தக் காரணங்களில் பெரும்பாலும் பிரேக் பிடிப்பதில் குறை இருக்காது. 1902-ல் பிரிட்டிஷ் பொறியாளர் பிரெடெரிக் லான்செஸ்டர் டிஸ்க் பிரேக்குக்குக் காப்புரிமை வாங்கியபோதே இந்தக் கூச்சல் கூடவே வந்துவிட்டது. அவர் செம்பை இரும்புத் தட்டின்மேல் உரசவிட்டார், கேட்கவா வேண்டும்.

ஆனால் 'கீச்' என்பதில் இன்னொரு வகை உண்டு, அது வேண்டுமென்றே வைத்தது. பல பேடுகளின் ஓரத்தில் வளைந்த சின்ன இரும்பு நாக்கு ஒன்று பொருத்தியிருப்பார்கள். புது பேடின் உரசும் பகுதி பொதுவாகப் பத்து மில்லிமீட்டருக்கு முன்னே பின்னே இருக்கும். அது தேய்ந்து தேய்ந்து இரண்டு மூன்று மில்லிமீட்டருக்கு வரும்போது இந்த நாக்கு டிஸ்க்கைத் தொட்டுக் கத்த ஆரம்பிக்கும். 'என்னை மாற்று' என்று பேடே கூப்பிடுகிற மாதிரி. பல வண்டிகளில் இது சாதாரணமாக ஓடும்போதே கேட்டு, பிரேக்கை மிதித்ததும் அடங்கும் அல்லது தொனி மாறும். அந்தக் கட்டத்தில் மாற்றினால் பேடோடு செலவு முடியும்.

தள்ளிப்போட்டால் அடுத்து வருவது நறநற. பல்லைக் கடிப்பது போல, காலுக்கடியில் அதிர்வோடு. பேடில் உரசும் பகுதி முழுக்கப் போய்விட்டது, அதன் இரும்பு முதுகு டிஸ்க்கை அறுக்கிறது. இப்போது நிற்கவும் நேரம் பிடிக்கும், டிஸ்க்கும் வீணாகும். இதற்குமேல் 'நாளைக்குப் பார்க்கலாம்' கிடையாது. வண்டியை ஓரம் கட்டிவிட்டு இழுத்துக்கொண்டு போக ஏற்பாடு செய்யுங்கள்.

பேடின் நிலையைப் பார்க்கச் சக்கரத்தைக் கழற்றத் தேவையில்லாத வண்டிகளும் உண்டு. அலாய் வீலின் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தால் வெளிப்பக்கத்து பேட் தெரியும். மூன்று மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் மாற்ற வேண்டியதுதான். ஆனால் வெளி பேட் நன்றாக இருக்கிறது என்று நிம்மதி அடைந்துவிட முடியாது. காலிப்பர் நகரும் பின்கள் துருப்பிடித்து இறுகிவிட்டால் உள்பக்கத்து பேட் மட்டும் தனியாகத் தேயும். அந்தச் சக்கரம் எப்போதும் லேசாகப் பிடித்தபடியே ஓடும். ஒரு பயணம் முடிந்து இறங்கியதும் ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். முன் சக்கரம் இரண்டில் ஒன்று மட்டும் அனலடித்தால் அங்கே பிரேக் விடாமல் பிடித்திருக்கிறது. கருகிய வாடையும் வரலாம், வண்டி ஒரு பக்கம் இழுக்கவும் செய்யலாம்.

பிரேக் பிடிக்கும்போது சத்தத்துக்குப் பதில் பெடல் காலை உதைத்து ஸ்டியரிங் நடுங்கினால், டிஸ்க்கின் தடிமன் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை என்று பொருள். 'டிஸ்க் வளைந்துவிட்டது' என்பார்கள். பெரும்பாலும் வளைந்திருக்காது, சீரில்லாமல் தேய்ந்திருக்கும். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஓரிரு பங்கு வித்தியாசமே காலுக்குத் தெரிந்துவிடும். திடீர் பிரேக்கில், அதுவும் ஈரமான ரோட்டில், பெடல் கடகடவென்று துடித்தால் மட்டும் பயப்படாதீர்கள். அது, சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்வது. காலை எடுக்காமல் அழுத்தியே வைத்திருங்கள்.

பிரேக்கை மிதித்தால் நிற்கிற சத்தம்

இது ஒரு அழகான துப்பு, பலர் கவனிப்பதில்லை. மேடு பள்ளத்தில் முன்னாலிருந்து லொடலொடவென்று கேட்கிறது. சஸ்பென்ஷன் போய்விட்டது என்று பயந்துகொண்டிருக்கிறீர்கள். அதே ரோட்டில் பிரேக்கை வண்டி நிற்காத அளவுக்கு லேசாகத் தொட்டபடி ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் ஆடிக்கொண்டிருந்தது பேட்தான். பேடை இறுக்கிப் பிடிக்கும் கிளிப் தளர்ந்திருக்கும், அல்லது போனமுறை பேட் மாற்றியவர் அதைத் திரும்பப் போட மறந்திருப்பார். பிரேக்கைத் தொட்டும் நிற்கவில்லை என்றால் லிங்க் ராட், புஷ், பால் ஜாயிண்ட் என்று சஸ்பென்ஷன் பக்கம் தேட வேண்டும்.

இனி அந்தத் தகரத் தடுப்பின் கதை. ஒருமுறை ஜல்லி கொட்டிய பாதையைத் தாண்டி வந்ததும் என் காரின் முன் சக்கரத்திலிருந்து ஒரு அலறல். கத்தியைச் சாணை பிடிப்பது போல, தெருவில் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. பிரேக் மொத்தமாகப் போய்விட்டது என்றே நினைத்தேன். வண்டியை நிறுத்தி, ரிவர்சில் இரண்டு மீட்டர் எடுத்து, மறுபடி முன்னால் வந்தேன். 'டிங்' என்று ஒன்று கீழே விழுந்தது, அலறல் நின்றது. பட்டாணி அளவுகூட இல்லாத ஒரு கல், டிஸ்க்குக்கும் தகரத்துக்கும் நடுவில் மாட்டியிருந்திருக்கிறது. ரிவர்ஸ் எடுத்தும் விழாவிட்டால் சக்கரத்தைக் கழற்றித்தான் எடுக்க வேண்டும். கல்லே இல்லாமல் அந்தத் தகரம் வளைந்து டிஸ்க்கைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் 'சர் சர்' என்று விட்டுவிட்டு உரசும். கையால் கொஞ்சம் விலக்கிவிட்டால் போதும்.

வேகத்தோடு கூடும் முனகல்

ஐம்பது அறுபதைத் தாண்டினால் எங்கிருந்தோ 'ம்ம்ம்' என்று ஒரு முனகல். வேகம் கூடினால் அதுவும் கூடுகிறது. பிரேக்குக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், நானும் ஏமாந்திருக்கிறேன். டயராகவும் இருக்கலாம், பேரிங்காகவும் இருக்கலாம், இரண்டும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் முனகும்.

என் கார் முனகியபோது முன் டயர்கள் கொஞ்சம் தேய்ந்திருந்தன. டயர்தான் என்று நானே தீர்ப்பு எழுதி இரண்டையும் மாற்றினேன். புது டயரோடு, அதே முனகல். பத்து நாள் கழித்துப் பின் சீட்டில் இருந்த அம்மா சொன்னார், "லெஃப்ட்ல வளைஞ்சா சத்தம் கூடுதுடா, ரைட்ல வளைஞ்சா ஒண்ணையும் காணோம்." அதைத்தான் நான் முதல் நாளே கவனித்திருக்க வேண்டும். இடதுபுறம் வளையும்போது வண்டியின் பாரம் வலப்பக்கச் சக்கரங்கள்மேல் சாய்கிறது. தேய்ந்த பேரிங் பாரம் ஏறினால் அதிகமாக முனகும். ஆகவே இடதில் கூடினால் வலது பேரிங், வலதில் கூடினால் இடது பேரிங். எல்லா வண்டியிலும் தப்பாமல் பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் முதல் சந்தேகத்துக்கு இது போதும்.

மெக்கானிக் கடையில் சக்கரத்தைத் தூக்கிப் பார்த்து உறுதி செய்தார்கள். முன் சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு, மற்றொரு கையைச் சக்கரத்துக்கு மேலிருக்கும் காயில் ஸ்பிரிங்கின்மேல் வைத்தேன். இடது பக்கம் வழுவழுவென்று ஓடியது. வலது பக்கம் உள்ளங்கையில் பொடிமணல் உருள்வது போல ஒரு நடுக்கம். காதுக்குக் கேட்காத சத்தம் கைக்குத் தெரிந்தது. பிறகு டயரின் மேலும் கீழும் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார் மெக்கானிக், லேசாக 'டக்' என்று ஆடியது. நல்ல பேரிங்கில் அந்த ஆட்டம் இருக்கக் கூடாது. அந்த இரண்டு டயர்களை அப்படி அவசரப்பட்டு மாற்றியிருக்க வேண்டாம்.

டயரின் முனகல் வேறு விதமாகக் காட்டிக்கொடுக்கும். ரோடு மாறினால் அதுவும் மாறும். கரடுமுரடான ரோட்டிலிருந்து புதிதாகப் போட்ட வழவழப்பான தாருக்கு வந்ததும் சட்டென்று தணிந்தால் டயரைத்தான் பார்க்க வேண்டும். பேரிங்குக்கு ரோட்டைப் பற்றிக் கவலையே இல்லை. டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை ஒரு திசையில் தடவி, பிறகு எதிர்த் திசையில் தடவுங்கள். கம்பி நீட்டியிருந்தால் கீறிவிடும், அதனால் மெதுவாக. ஒரு பக்கம் வழுவழுப்பு, எதிர்ப்பக்கம் ரம்பப் பல் போல நெருடல் என்றால் டயர் ஏற்றத்தாழ்வாகத் தேய்ந்திருக்கிறது. அலைன்மென்ட் தவறியிருக்கலாம், ஷாக் அப்சார்பர் தளர்ந்திருக்கலாம். சந்தேகம் தீரவில்லையா? முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். சத்தமும் கூடவே இடம் மாறினால் டயர். இருந்த இடத்திலேயே இருந்தால் பேரிங். நான் முதலில் செய்திருக்க வேண்டியது இதுதான், செலவே இல்லாத வேலை.

பேரிங் முனகுவதைப் பல நாள் பொறுத்துக்கொண்டு ஓட்டுபவர்கள் உண்டு. முனகல் உறுமலாகி, ஸ்டியரிங்கில் ஆட்டமும் தெரிய ஆரம்பித்தால் அந்தப் பொறுமை ஆபத்து. முற்றிப்போன பேரிங் சூடேறி இறுகிக்கொள்ளும், மோசமாகப் போனால் சக்கரமே நிலை குலையும்.

திருப்பும்போது மட்டும்

ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து வண்டியை எடுக்கும்போது 'டக் டக் டக்' என்று சீராகக் கேட்டு, நேரே போனால் நின்றுவிடுகிறதா? முன் சக்கரம் இழுக்கும் காரில் டிரைவ் ஷாஃப்ட்டின் வெளி ஜாயிண்ட்தான் முதல் சந்தேகம். குனிந்து பார்த்தால் அதன் ரப்பர் உறை கிழிந்து, சக்கரத்தின் உள்பக்கமெல்லாம் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கும். உறை கிழிந்ததை, சத்தம் வருவதற்கு முன்பே கண்டுபிடித்தால் உறையையும் கிரீஸையும் மாற்றிப் பிழைக்கலாம். சத்தம் வந்த பிறகு பெரும்பாலும் ஜாயிண்ட்டையே மாற்ற வேண்டிவரும்.

வீல் நட்

சமீபத்தில் ஸ்டெப்னி மாட்டினீர்களா, டயர் கழற்றி வேலை பார்த்தீர்களா? அதன் பிறகு 'தொம் தொம்' என்று ஒரு தட்டலும் வண்டியில் ஒரு தள்ளாட்டமும் வந்தால் வேறெதையும் யோசிக்காதீர்கள். உடனே ஓரமாக நிறுத்தி எல்லா நட்டையும் சரிபாருங்கள். தளர்ந்த நட்டோடு ஓடிய சக்கரத்தில் போல்ட்டும் அது போகும் துளையும் சேதமாகியிருக்கலாம். அதனால் இறுக்கியதோடு விடாமல் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

செய்யக் கூடாதவை

கீச்சிடும் பிரேக்கில் எண்ணெயோ துருநீக்கும் ஸ்பிரேயோ அடிக்காதீர்கள். சத்தம் நிச்சயமாக நிற்கும், பிரேக்கும் சேர்ந்தே நிற்கும். எண்ணெய் ஊறிய பேட் பிறகு தூக்கிப் போடத்தான் ஆகும். டிரம்முக்குள் சேர்ந்த தூசியை வாயாலோ காற்றடித்தோ ஊதாதீர்கள். பழைய ஷூக்களில் கல்நார் இருந்திருக்கலாம், அது நுரையீரலுக்கு ஆகாது. வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டு வைத்து, தரையில் இருக்கும் சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்த பிறகுதான் மற்றதெல்லாம்.

சரி, மெக்கானிக்கிடம் போகிறீர்கள். வாயால் சத்தம் போட்டுக் காட்டாமல் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "முன்னால் வலது பக்கம். அறுபதுக்கு மேல் முனகுகிறது. நியூட்ரலில் போட்டாலும் மாறவில்லை, பிரேக் பிடித்தாலும் மாறவில்லை. இடதில் வளைத்தால் கூடுகிறது. டயரை முன்னும் பின்னும் மாற்றிப் பார்த்தாகிவிட்டது." அவர் நேரே அந்தச் சக்கரத்துக்குப் போவார். அவரையும் பக்கத்தில் உட்காரவைத்து ஒரு சுற்றுப் போய் வந்துவிடுங்கள், ஏனென்றால் சத்தம் ஆளைக் கண்டால் ஒளிந்துகொள்ளும் ஜாதி. ஒளிந்துகொண்டால் காட்ட, முன்கூட்டியே போனில் பதிவு செய்து வைத்திருப்பதும் உதவும். ஓட்டுபவர் நீங்களாக இருந்தால் பதிவு செய்வது பக்கத்து சீட்டுக்காரர் வேலை.

வேலை முடிந்து வண்டியை எடுத்த பிறகு, புது பேட் போட்டிருந்தால் முதல் சில நூறு கிலோமீட்டருக்கு அவசர பிரேக்கைத் தவிர்த்து மிதமாகவே பிடியுங்கள், பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று பழக வேண்டும். இந்த நாட்களில் லேசான கீச் கேட்டாலும் தானாக அடங்கிவிடும். சக்கரம் கழற்றப்பட்டிருந்தால் ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியதும் வீல் நட்டுகளை இன்னொரு முறை சரிபாருங்கள். எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது வண்டியோடு வந்த கையேட்டிலேயே இருக்கும்.